மீந்த உணவுக்குப் பெட்டியா, ஃபிரிட்ஜா, தொண்டர் வண்டியா?

எங்கள் தெருவில் கடந்த தை மாதம் ஒரு வீட்டில் புதுமனைப் புகுவிழா நடந்தது. பகல் இரண்டு மணிக்குப் பந்தி முடிந்தபோது ஓர் அண்டாவில் பாதியளவு சாம்பார் சாதமும் இரண்டு தூக்குவாளி தயிர் சாதமும் மீந்திருந்தன. யாருக்குக் கொடுப்பது என்று வீட்டார் யோசித்து, அக்கம்பக்கத்தில் கேட்டு, கடைசியில் ஒரு தொண்டு அமைப்பின் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தபோது மாலை ஐந்து மணியாகிவிட்டது. எத்தனை மணிக்குச் சமைத்தது என்று மறுமுனையில் கேட்டார்கள். காலை ஒன்பது மணிக்கு என்று சொன்னதும், இனி அதை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். மூடியைத் திறந்து கரண்டியை விட்டுக் கிளறியபோது சோறு நூல்விட்டு இழுபட்டது, புளித்த வாடை முகத்தில் அடித்தது. ஐம்பது பேர் வயிறாரச் சாப்பிட்டிருக்கக்கூடிய சோற்றைத் தென்னை மரத்தடியில் குழி தோண்டிக் கொட்டினோம்.

அதற்கடுத்த வாரம் குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தது. முடிந்தவர் வைத்து, வேண்டியவர் எடுத்துக்கொள்ளும் பகிர்வுப் பெட்டி ஒன்றைத் தெருமுனையில் வைக்கலாம் என்றார் ஒருவர். பெட்டி போதாது, ஃபிரிட்ஜ்தான் வேண்டும் என்றார் இன்னொருவர். எதுவும் வைக்க வேண்டாம், உணவை எடுத்துச் செல்லும் தொண்டர்களோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டால் போதும் என்றார் மூன்றாமவர். இருக்கிற வாட்ஸ்அப் குழுவிலேயே சொல்லிக்கொள்ளலாமே என்ற யோசனையும் வந்தது. இவற்றை ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லும் வேலை என்னிடம் விடப்பட்டது. தென்சென்னையில் 72 வீடுகள் கொண்ட ஒரு தெருவுக்காக விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை, இதே கேள்வியோடு இருக்கும் மற்றத் தெருக்காரர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

எதை வாங்குவது, எங்கே வைப்பது என்பதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, நம் வீடுகளில் மீந்துபோவது என்ன என்பது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, 2022ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு வீணானதாகவும், அதில் ஏறத்தாழ 60 சதவீதம் வீடுகளில் வீணானதாகவும் கணக்கிடுகிறது. இந்திய வீடுகளுக்கு அது தரும் மதிப்பீடு, ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 55 கிலோ. வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்துக்கொண்டால் எங்கள் தெருவில் மட்டும் நாளொன்றுக்கு 43 கிலோ வருகிறது. இந்த எண்ணைக் கேட்டுக் கூட்டத்தில் பலர் திகைத்தார்கள். ஆனால் காய்த்தோல், எலும்பு, முட்டையோடு போன்ற உண்ண முடியாத பகுதிகளும் அந்தக் கணக்கில் சேர்ந்தவை என்பதைச் சொல்லியாக வேண்டும். மீதியிலும் பெரும்பகுதி, தட்டில் மிஞ்சியதும் பாத்திரத்தின் அடியில் ஒட்டியதும்தான். பிறருக்குக் கொடுக்கத் தக்கதாக ஒரு வீட்டில் மீந்துபோவது மூன்று வகை: உடைக்காத மளிகைப் பொட்டலங்கள், தோட்டத்தில் காய்த்தவை, அவ்வப்போது விசேஷங்களில் அதிகமாகச் சமைத்துவிட்ட உணவு. இந்த மூன்றுக்கும் ஆயுள் வேறு, ஆபத்து வேறு. ஒரே ஏற்பாட்டில் மூன்றையும் அடக்கப் பார்ப்பதுதான் இத்தகைய முயற்சிகள் தடுமாறுவதற்கு முதற்காரணம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். இன்று உலகின் பல நாடுகளில் காணப்படும் பகிர்வுப் பெட்டிக்கு முன்மாதிரி ஒரு புத்தகப் பெட்டி. 2009இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஹட்சன் என்ற சிற்றூரில் டாட் போல் என்பவர் தம் வீட்டு வாசலில் ஒரு கம்பத்தின் மேல் பொம்மை வீடு போன்ற சிறு பெட்டியைப் பொருத்தி, வேண்டியவர் எடுத்துப் படிக்கலாம் என்று புத்தகங்களை வைத்தார். அதே வடிவத்தில் 2016 மே மாதம் ஆர்கன்சா மாநிலத்தின் ஃபேயட்வில் நகரில் ஜெசிகா மெக்கிளார்டு என்ற பெண்மணி மளிகைப் பொருள்களையும் சோப்பு போன்றவற்றையும் வைத்தார். முடிந்ததை வைக்கலாம், வேண்டியதை எடுக்கலாம் என்பதைத் தவிர வேறு நிபந்தனை இல்லை. பதிவேடும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. 2021 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின் நடுவே, மணிலா பெருநகரப் பகுதியில் உள்ள மாகின்ஹாவா தெருவில் ஆனா பாட்ரிசியா நோன் என்ற இளம்பெண் ஒரு மூங்கில் தள்ளுவண்டியில் காய்கறி, அரிசி, டப்பா உணவு ஆகியவற்றை வைத்து, இதே பொருள்படும் வாசகத்தை ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். சில நாள்களுக்குள் பிலிப்பைன்ஸ் முழுவதும் அதே போன்ற வண்டிகள் தோன்றின. பெருஞ்செலவோ பெரிய அமைப்போ இல்லாமல் ஒருவர் தொடங்கிவிட முடியும் என்பதே இந்த முறையின் பலம்.

ஆனால் அமெரிக்கப் பெட்டியை அப்படியே இங்கே கொண்டுவந்து நட்டுவிட முடியாது. அந்தப் பெட்டியைத் தாங்கி நிற்பது தகர டப்பா. அவித்த பயறு, சூப்பு, மீன் என எல்லாம் டப்பாவில் அடைபட்டு, ஆண்டுக்கணக்கில் கெடாமல் அங்கே அலமாரிகளில் இருக்கின்றன. வீட்டில் கூடுதலாக இருப்பதும் அவைதான். நம் சமையலறையில் டப்பா உணவு இல்லை. பருப்பையும் மாவையும் பாக்கெட்டைப் பிரித்து டப்பாவில் கொட்டி வைப்பது நம் வழக்கம். பிரித்த பொருளைப் பெட்டியில் வைக்கக் கூடாது. ஆகவே நம் பெட்டி, மீந்ததை வைக்கும் பெட்டியாக மட்டும் இருந்தால் இரண்டே வாரத்தில் காலியாகி, பிறகு காலியாகவே நிற்கும். மாத மளிகை வாங்கும்போதே ஒரு பாக்கெட்டைச் சேர்த்து வாங்கி வைக்கும் பழக்கம் சில வீடுகளிலாவது வந்தால்தான் அது உயிரோடு இருக்கும்.

எதைச் சேர்த்து வாங்குவது என்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். பெட்டி என்றதும் பலருக்கும் அரிசிதான் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசி இலவசம்; துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. எனவே அட்டை உள்ள ஓர் ஏழைக் குடும்பத்துக்கு மாதக் கடைசியில் தட்டுப்பாடாவது பெரும்பாலும் அரிசி அன்று. புளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், கடுகு, டீத்தூள், குளியல் சோப்பு, துணி சோப்பு, சானிட்டரி நாப்கின் ஆகியவை. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவிடம், ஒரு பெட்டி வைத்தால் அதில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டேன். சற்றும் யோசிக்காமல் "கடலை எண்ணெயும் காப்பித்தூளும்" என்றார். அரிசி தேவைப்படுபவர்களும் இருக்கிறார்கள்: இந்த ஊரில் அட்டை இல்லாமல், கட்டட வேலைத்தளங்களில் தாங்களே பொங்கித் தின்னும் வெளிமாநிலத் தொழிலாளர்கள். நம் தெருவைச் சுற்றி இருப்பவர்கள் யார் என்று பார்த்துவிட்டுத்தான் பட்டியலை முடிவு செய்ய வேண்டும்.

பெட்டியின் பகைவர்கள் எறும்பு, எலி, மழை. மரப்பெட்டி ஐப்பசி மழையில் உப்பிவிடும் என்பதால் இரும்பு அல்லது அலுமினிய அலமாரியே நல்லது. தரையிலிருந்து முழங்காலுக்கு மேல் உயர்த்தி வைக்க வேண்டும். எறும்பு ஏறாமலிருக்க அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துவது நம் பாட்டிமார் காலத்து வழி. வீட்டுக்குள் அது சரி. தெருவில் கவனிப்பாரின்றி நிற்கும் அந்தத் தண்ணீரில்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். தண்ணீருக்குப் பதில் கால்களில் கிரீஸ் தடவிவிடுவது பாதுகாப்பானது. வாரம் ஒருமுறை துடைத்து, தேதி கடந்தவற்றை அகற்ற இரண்டு வீட்டார் முறைவைத்துப் பொறுப்பேற்றால் போதும்.

அடுத்தது ஃபிரிட்ஜ். இதற்குச் சென்னையிலேயே முன்மாதிரி இருக்கிறது. 2017 ஆகஸ்டில் பெசன்ட் நகரில் பல் மருத்துவர் இசா ஃபாத்திமா ஜாஸ்மின் பொதுமக்களுக்கான ஃபிரிட்ஜ் ஒன்றைத் தொடங்கி, ஆத்திசூடியிலிருந்து 'ஐயமிட்டு உண்' என்று அதற்குப் பெயரிட்டார். பக்கத்திலேயே உடைகளும் புத்தகங்களும் வைக்க அலமாரி இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் கொச்சியில் பப்படவடா என்ற உணவகத்தின் உரிமையாளர் மினு பாலின் தம் கடை வாசலில் 'நன்ம மரம்' என்ற ஃபிரிட்ஜை வைத்தார். இரவு பகலாகத் திறந்திருந்த அந்த ஃபிரிட்ஜில் வாடிக்கையாளர்களும் பொதுமக்களும் உணவு வைத்தார்கள். உணவகமும் நாள்தோறும் தன் பங்குக்குப் பொட்டலங்களை வைத்தது. இந்த இரண்டிலும் கவனிக்க வேண்டியது ஃபிரிட்ஜை அல்ல. சென்னையில் ஒரு காவலர் பக்கத்தில் இருந்து, யார் என்ன வைத்தார் என்பதைக் குறித்துக்கொண்டார். கொச்சியில் ஓர் உணவகமே காவலாக இருந்தது. ஆள் பார்வை இல்லாத ஃபிரிட்ஜை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஜெர்மனியில் நடந்த ஒரு சர்ச்சையும் இதையே காட்டுகிறது. அங்கே 2012 இறுதியில் தொடங்கிய உணவுப் பகிர்வு இயக்கம் நகரங்களில் பொது ஃபிரிட்ஜ்களை வைத்து நடத்தி வந்தது. 2016இல் பெர்லின் நகர உணவுக் கண்காணிப்பு அதிகாரிகள், இவை உணவுத் தொழில் நிலையங்களுக்கு உரிய விதிகளுக்கு உட்பட்டவை, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான ஆள் வேண்டும் என்று சொன்னார்கள். தொண்டர்கள் இதை வன்மையாக எதிர்த்தார்கள். என் மனம் தொண்டர்கள் பக்கம்தான் என்றாலும், அதிகாரிகள் எழுப்பிய கேள்வியைத் தள்ளிவிட முடியவில்லை. ஜெர்மனியின் குளிரிலேயே எழும் கேள்வி, சென்னையின் சித்திரை வெயிலில் எழாமல் இருக்குமா?

ஏனெனில் ஃபிரிட்ஜுக்கு வரும் பொருளில் பெரும்பங்கு சோறு. வெந்த சோற்றில், சமையலின் சூட்டையும் தாங்கி உயிரோடிருக்கும் நுண்ணுயிர் வித்துகள் உண்டு. பேசில்லஸ் செரியஸ் என்பது அந்த நுண்ணுயிரின் பெயர். சோறு ஆறி வெளியில் கிடக்கும் நேரத்தில் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும், வெளி வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் அதை ஒரு மணி நேரமாகக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் உணவுப் பாதுகாப்பில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சென்னையில் ஆண்டின் பாதி நாள்கள் அந்த ஒரு மணி நேரக் கணக்கில்தான் வரும். காலையில் வடித்த சோற்றை மாலையில் ஃபிரிட்ஜில் வைத்தால், கெட்டுக்கொண்டிருந்ததைக் குளிர வைத்தோம் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. பயணத்துக்குக் கட்டுச்சோறாகப் புளியோதரையைத் தேர்ந்த நம் முன்னோர், புளியும் எண்ணெயும் சோற்றைக் காக்கும் என்பதை அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். தேங்காய் அரைத்த குழம்பும் சட்னியும் முதலில் ஊசிப்போகும் என்பது இன்றும் எந்த வீட்டிலும் தெரிந்ததே. ஆனால் தெருவில் நின்று பொட்டலத்தைக் கையில் எடுப்பவருக்கு, உள்ளே இருப்பது என்ன, எப்போது சமைத்தது என்பது தெரியாது. நேரம் எழுதாத பொட்டலம் ஃபிரிட்ஜுக்குள் போகக் கூடாது. அதைப் பார்த்துத் திருப்பி அனுப்ப ஓர் ஆள் வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ் வீட்டு ஃபிரிட்ஜைவிட அதிகம் மின்சாரம் எடுக்கும். அடிக்கடித் திறந்து மூடினால் இன்னும் கூடும். மின்தடை ஏற்பட்டால், கதவைத் திறக்காதவரை நான்கு மணி நேரம் உள்ளிருப்பது தாங்கும். பொது ஃபிரிட்ஜின் கதவைத் திறக்காமல் வைப்பது நடக்காத காரியம். வடகிழக்குப் பருவமழையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் தெருவில் மின்இணைப்புள்ள ஓர் இரும்புப் பொருளை நடைபாதையில் வைப்பது என்றால், உயரமான மேடை, சரியான எர்த், கசிவு கண்டவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி மூன்றும் கட்டாயம். ஃபிரிட்ஜை யாராவது ஒருவர் நன்கொடையாகத் தந்துவிடுவார். அது ஒருமுறைச் செலவு. காவலரின் சம்பளமோ மாதந்தோறும் வரும். அதற்கு வழி செய்யாமல் ஃபிரிட்ஜைத் திறந்து வைப்பது வீண்.

மூன்றாவது வழியான தொண்டர் வண்டி, எங்கள் சாம்பார் சாதத்துக்கு உரிய வழி. கோயம்புத்தூரில் 2014இல் பத்மநாபன் கோபாலன் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பும், அதே ஆண்டு டெல்லியில் தொடங்கிப் பல நகரங்களுக்குப் பரவிய 'ராபின் ஹுட் ஆர்மி'யும் திருமண மண்டபங்கள், உணவகங்கள் ஆகியவற்றில் மீந்துபோகும் உணவை எடுத்துச் சென்று பசித்தவர்களிடம் சேர்க்கின்றன. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019இல் மீதமாகும் உணவை மீட்டுப் பகிர்வதற்கென்றே தனி ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. உணவுத் தொழில் நடத்துவோரும் அவர்களிடமிருந்து உணவைப் பெறும் அமைப்புகளும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை அவை வரையறுக்கின்றன. உணவைச் சோதித்துப் பார்த்து, சூடு ஆறுமுன் கொண்டுசேர்க்கும் அனுபவம் இவர்களுக்கு உண்டு. ஒரு தெருச் சங்கத்துக்கு அது கிடையாது. குறை என்னவென்றால், நாலு பேர் சாப்பிடும் அளவு மீந்ததற்கு அவர்கள் வர முடியாது, வரவும் கூடாது. ஐம்பது, நூறு பேருக்கானது என்றால்தான் வண்டியின் எரிபொருளுக்கும் தொண்டரின் நேரத்துக்கும் நியாயம். அவர்களை அழைக்க வேண்டிய நேரம் பந்தி முடிந்த பிறகன்று. கடைசிப் பந்தி உட்காரும்போதே அண்டாவைப் பார்த்துக் கணித்து அழைத்துவிட வேண்டும். நாங்கள் தவறியது அங்கேதான்.

வாட்ஸ்அப் வழியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 2015இல் லண்டனில் தொடங்கிய 'ஓலியோ' செயலி அண்டை வீட்டாருக்குள் மீந்த உணவைப் பகிர உதவுகிறது. எங்கள் குழுவில் "கறிவேப்பிலை வேண்டுவோர் வந்து பறித்துக்கொள்ளலாம்" என்று வரும் செய்தியும் அதே வேலையைத்தான் செய்கிறது. முருங்கைக்காயும் மாங்காயும் காய்த்துத் தள்ளும் மாதங்களில் இதைவிட எளிய வழி கிடையாது. சமைத்த உணவுக்கும், சமைத்தவர் யார் என்று தெரிந்து பத்து நிமிடத்தில் கைமாறுவதால், நான்கு வழிகளில் இதுவே மிகப் பாதுகாப்பானது. ஆயினும் குழுவில் இருப்பவர்கள் வீட்டு உரிமையாளர்கள். குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளரோ, கட்டடத்துக்குக் கீழே தகரக் கொட்டகையில் குடும்பத்தோடு தங்கியிருக்கும் காவலாளியோ அந்தக் குழுவில் இல்லை.

இங்கே, மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மீந்ததைக் கொடுப்பது நம் ஊரில் புதிதல்ல. அதற்குக் கசப்பான ஒரு பழக்கம் உண்டு. வீட்டார் உண்டு முடித்து, நாளை வைத்தால் கெட்டுவிடும் என்று தோன்றிய பிறகு, வேலைக்காரம்மாவின் தூக்குச்சட்டியில் போட்டுக் கொடுப்பதும், அதை அவர் மறுக்க முடியாமல் வாங்கிக்கொள்வதும் தலைமுறை தலைமுறையாக நடந்தவை. அவருக்குப் பிடிக்குமா, அவர் வீட்டில் யாராவது அதை உண்பார்களா என்று கேட்டவர்கள் குறைவு. பெட்டியோ ஃபிரிட்ஜோ அந்தப் பழக்கத்தின் நீட்சியாக ஆகிவிடக் கூடாது. அவற்றின் உண்மையான சிறப்பு, கொடுப்பவரும் எடுப்பவரும் நேருக்கு நேர் நிற்க வேண்டியதில்லை என்பதும், வேண்டாததை வேண்டாம் என்று விட்டுச் செல்லும் உரிமை எடுப்பவருக்கு உண்டு என்பதும்தான். ஆகவே பரிமாறிய பிறகு மீந்ததை வைக்கக் கூடாது. பரிமாறும் முன்பே தனியே எடுத்து மூடி வைத்ததை மட்டுமே கொடுக்க வேண்டும். எடுப்பவரைப் படம் பிடிக்கக் கூடாது. கேமரா வேண்டும் என்ற யோசனையையும் நான் எதிர்த்தேன். ஒருவரே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டார்கள். ஒரு நாள் போகும்; அவர் வீட்டில் அன்று எத்தனை பேர் என்று நமக்குத் தெரியாது.

பெட்டியைச் சோதித்துப் பார்க்க, பழைய மர பீரோ ஒன்றைப் பத்து நாள் எங்கள் வாசலில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலை, தெருக் கூட்டும் அம்மா ஒருவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, வெகுநேரம் அதைப் பார்த்தபடி நின்றார். பிறகு என்னைக் கண்டு, "இதுக்கு யாரைக் கேக்கணும்மா?" என்றார். யாரையும் கேட்க வேண்டாம் என்றேன். ஒரு சோப்பையும் டீத்தூள் பொட்டலத்தையும் எடுத்தார். மிளகாய்த்தூளை எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்தார். அடுத்த வாரம் அதே அலமாரியில் ஒரு கட்டு அகத்திக்கீரை இருந்தது. அவர்தான் வைத்தார் என்று இஸ்திரி வண்டிக்காரர் பிறகு சொன்னார்.

எங்கள் தெருவுக்கு நான் சொன்ன முடிவு இதுதான்: தெருமுனையில் உலர்ந்த மளிகைக்கும் சோப்பு வகைகளுக்கும் ஒரு பெட்டி, அதற்குக் கீழே கம்பிவலை வைத்த ஒரு தட்டில் காய்கறி, கீரை, தேங்காய். சமைத்த உணவுக்குப் பெட்டியில் இடமில்லை. விசேஷம் வைக்கும் வீட்டார் முதல் நாளே தொண்டு அமைப்புக்குத் தகவல் தந்துவிட வேண்டும். அந்த எண் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் இருக்கும். ஃபிரிட்ஜ் இப்போது வேண்டாம். இரவும் பகலும் காவலர் இருக்கும் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புக்கோ, வாசலில் ஓர் உணவகம் இருக்கும் தெருவுக்கோ என்றால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். மருத்துவமனைக்கு அருகில் இருப்பவர்களுக்கு, நோயாளிக்குத் துணையிருந்து இரவில் பசித்திருப்போரை நினைத்து, ஃபிரிட்ஜையே முதலில் சொல்லியிருப்பேன். எங்கள் தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில், இட்லி 1 ரூபாய்க்கும் தயிர் சாதம் 3 ரூபாய்க்குமாக 2013இல் தொடங்கப்பட்ட அம்மா உணவகங்களில் ஒன்று இருப்பதும் இந்த முடிவுக்கு ஒரு காரணம்.

இடத்தைப் பற்றித்தான் வாக்குவாதம் நீண்டது. கேட்டுக்கு உள்ளே வைத்தால் பத்திரமாக இருக்கும் என்றார்கள் சிலர். உள்ளே வைத்தால் எடுக்க வேண்டியவர் காவலாளியிடம் காரணம் சொல்லிவிட்டு வர வேண்டியிருக்கும் என்பதால் வெளியே, தெருவிளக்குக்கும் இஸ்திரி வண்டிக்கும் நடுவில் வைப்பது என்று முடிவாயிற்று. மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் அனுமதிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். பெட்டியைச் செய்யும் பட்டறைக்காரர், பூட்டுக்கு என்ன அளவில் கொக்கி வைக்க வேண்டும் என்று கேட்டார். பூட்டு வேண்டாம், மாடு முட்டினால் திறந்துகொள்ளாதபடி ஒரு நாதாங்கி மட்டும் வைத்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம்.